நாலாவது சிவப்பு மை

ஜூன் 9, திங்கள்

உரக்கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து பீரோ மேல் தூசி குடித்துக்கொண்டு கிடந்தது. இன்றைக்குத்தான் எடுத்தேன். நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வை, மனு தயாரிக்க உதவும் என்று ஜெபராஜ் அண்ணன் சொல்லியிருக்கிறார். அவர் பட்டாளத்தில் கிளார்க் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரையில் ஜெராக்ஸ் கடை வைத்து, என்னைப் போன்றவர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறார்.

நடந்தது என்று பார்த்தால் இவ்வளவுதான். பெயர் தவசி. ஏழரை வருஷம் சிப்பாய். பட்டாளத்தில் பெரிய தண்டனை வாங்கினால் அதைச் சிவப்பு மையில் பதிவார்கள். நாலு சிவப்பு சேர்ந்துவிட்டால், இவன் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பலாம். எனக்குச் சேர்ந்தது. போன வருஷம் மாசியில் அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தை என்ற இடத்தில் 'ஃபேர்' என்று போட்டிருக்கிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பட்டாளத்துக் கணக்கில் அதற்கு அர்த்தம், ஆகாதவன்.

டிஎஸ்சி என்று ஒரு படை உண்டு. பட்டாளத்தை விட்டு வந்தவர்களை மறுபடி எடுத்து, ஆயுதக் கிடங்கு, விமான தளம் என்று காவலுக்கு நிறுத்துவார்கள். அதே பச்சை உடை, அதே துப்பாக்கி. நடத்தை 'குட்' இருந்தால்தான் எடுப்பார்கள். 'ஃபேர்'காரன் அதிகாரிகள் போர்டு முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டும். அவர்கள் மனது வைத்தால் உண்டு. ஆகஸ்ட் முதல் வாரம் ஆளெடுப்பு. வெளியே வந்து இரண்டு வருஷம் தாண்டினால் சேர முடியாது என்பதால் இதை விட்டால் எனக்கு அடுத்தது கிடையாது.

மனைவி ஜோதியிடம் சொன்னேன். "சரி மாமா" என்றாள். இட்லிக்கு அரிசி ஊறப்போட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

பைபாஸ் ரோட்டில் ஓடினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ஜவுளிக்கடை வாசலில் நிற்பதுதான் இப்போது என் உத்தியோகம். கார் வந்தால் சல்யூட், பைக் வந்தால் விசில். எனக்குக் கொடுத்திருக்கிற சட்டையின் தோளில் மஞ்சள் கயிறும் மார்பில் பித்தளைப் பட்டையுமாக எந்த ஜெனரலுக்கும் இல்லாத அலங்காரம். இன்று குடும்பத்தோடு வந்த ஒரு ரிட்டயர்டு பட்டாளத்து நாயக் என் சல்யூட்டைப் பார்த்துவிட்டு, "எந்த ரெஜிமென்ட் தம்பி?" என்றார். கையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். வாட்ச்மேன் ஏஜென்சிக்காரங்க சொல்லிக் கொடுத்ததுங்கய்யா என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் மனைவி புடவை பார்க்கக் கூப்பிட்டதால் போய்விட்டார்.

கால் வலி. வெந்நீரில் வைத்தேன்.

ஜூன் 18, புதன்

ஜெபராஜ் அண்ணன் கடை. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கு நடுவில் நின்று என் நாலையும் ஒப்பிக்க வேண்டியிருந்தது.

"ஒண்ணாவது என்னப்பா?"

"மெஸ்ல சண்டைண்ணே. ஒருத்தன் மேல பருப்பு வாளியக் கவுத்துட்டேன்."

"தெரிஞ்சா, தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

"ரெண்டாவது?"

"தடை பண்ண எடத்துல ஃபோன் வச்சிருந்தேன். கல்யாணம் பேசி முடிச்சிருந்த நேரம்."

"நல்ல காரணம்தான். மூணாவது?"

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லீவை நீட்டிக்கப் பட்டாளத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. வீட்டிலிருந்து யாராவது கம்பெனி ஆபீஸுக்குப் போன் போட்டு, யாரையாவது சாகடிக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒருவனுடைய பெரியப்பா மூன்று முறை இறந்தார், மூன்றாவது முறை ஆபீஸ் ஹவில்தாரே துக்கம் விசாரித்துச் சிரித்தார். என் மச்சான் பழனிக்குமார் கல்யாணத்துக்கு முதல் நாள் எனக்கு லீவு முடிந்தது. ஜோதி அழாத குறை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "என்னையச் சாகடிச்சுப்புடாதடா, நான் இன்னும் கொஞ்ச நாளு இருந்துக்கிறேன்" என்று முந்திக்கொண்டாள். அப்புறம் யாரைச் சொல்வது? இல்லாத ஆளைச் சொன்னால் யாருக்கும் தோஷமில்லை என்று குழந்தையைச் சொன்னோம். அப்போது எங்களுக்குக் குழந்தையே கிடையாது.

ஜோதிதான் பேசினாள். "பச்சா நஹீன் ரஹா, ஸாப்." குழந்தை போய்விட்டது என்று. இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. கடைசியில் வந்த விசும்பல் நான் சொல்லிக் கொடுத்ததல்ல, அவளாகச் சேர்த்துக்கொண்டது. போனை வைத்ததும் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. கல்யாணத்தில் நான் ஆடியதைச் சொந்தக்காரப் பையன் ஸ்டேட்டஸ் போட, அது சுற்றிச் சுற்றி யூனிட்டுக்கே போய்ச் சேர்ந்தது. மூன்றாவது சிவப்பு.

"சரி. நாலாவது?"

"லீவு முடிஞ்சு ரொம்ப லேட்டாப் போனேன்."

"எதுக்கு?"

"சும்மாண்ணே."

"சும்மா லேட்டாப் போனேன்னு மனுவுல அடிக்கவா?"

அதற்குள் டீ வந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

மோட்டார் ஓடவில்லை. காயில் போயிருக்கிறது. ஜோதி, "மோட்டார் நின்னுருச்சு" என்றாள். அவளுடைய போனில் சார்ஜ் போனால் "தூங்கிருச்சு" என்பாள். வேப்பங்கன்று பட்டுப்போனதைக்கூட "அது இனி இல்ல" என்றுதான் சொன்னாள், செத்துப்போச்சு என்ற வார்த்தை வாயில் வராது. மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், எலி மருந்து கேட்டு வருகிறவரிடம் எப்படிப் பேசுவாளோ தெரியவில்லை. முன்னால் அப்படி இல்லை. வாய் கொஞ்சமா என்ன, எனக்கே நாள் முழுக்கச் சாபம் விடுவாள்.

காயில் கட்ட ஆள் நாளைக்கு வருகிறான்.

ஜூன் 30, திங்கள்

ஜெபராஜ் அண்ணன் மறுபடி அதையே கேட்டார். விசாரணையில் என்ன சொன்னாய் என்றார்.

விசாரணை என்று ஒன்று நடந்தால்தானே. தொப்பியையும் பெல்ட்டையும் வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள். லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட் என்று ஓட்டமாக உள்ளே கொண்டுபோய் யூனிட்டின் தலைமை அதிகாரி சிஓ சாஹிப் முன்னால் நிறுத்துவார்கள். தப்பை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார். ஒப்புக்கொண்டால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். உள்ளே போகுமுன் சுபேதார் எல்லோரிடமும் சொல்லி அனுப்புவது ஒன்றுதான். கதை அளக்காதே, மான்தா ஹூன், ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வா. நாலு தடவையும் நான் அதைத்தான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

"காரணம் இல்லாத மனு கப்பலுக்குத்தான் ஆகும், சின்னப் புள்ளைக மடிச்சு விளையாடுற கப்பலுக்கு" என்றார் அண்ணன்.

ஜூலை 4, வெள்ளி

சொல்லிவிட்டேன். கடையில் ஆள் இல்லாத நேரம்.

"புள்ள நெசமாவே போயிருச்சுண்ணே."

அவர் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார்.

"எப்ப?"

"அந்த லீவுலதான். போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி. ஆஸ்பத்திரியிலேர்ந்து அவங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். ஒம்பதாம் நாள் பால் குடிக்கல."

"யூனிட்டுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானய்யா."

"என்னத்தச் சொல்றது? அதே ஆபீஸு, அதே ஹவில்தாரு."

அண்ணன் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு கிளார்க் புத்தி வந்துவிட்டது. ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டார். வீட்டில் நடந்தது, பதியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரசவச் சீட்டு ஜோதியின் டிரங்குப் பெட்டியில் இருக்கும். அதை வாங்கிட்டு வா, இல்லாட்டி உன் சம்சாரத்தையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு என்றார்.

எனக்கு உள்ளே ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரும் என்று நினைத்து முன்கூட்டியே சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல இருந்தது. வரும் வழியில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

ஜோதியிடம் கேட்க இன்றோடு நாலாவது முயற்சி. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜோதி."

"ம்."

"அந்த டிரங்குப் பெட்டி இருக்குல்ல."

கை நின்றது. "இருக்கு. அதுக்கென்ன?"

"துருப் பிடிக்குது. பெயின்ட் அடிக்கணும்."

"அடி" என்றாள்.

பெயின்ட் வாங்கி வந்து வெளிப்பக்கம் மட்டும் அடித்தேன். பச்சை. பூட்டைச் சுற்றிக் கொஞ்சம் சிந்திவிட்டது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தள்ளுபடி. காலையிலிருந்து கூட்டம். ஒரு அம்மாள் குழந்தையை என் கையில் கொடுத்து, "பிடிங்கண்ணே, ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனவள் நைட்டி குவியலை எல்லாம் புரட்டிவிட்டுத்தான் வந்தாள். அதுவரை வாசலில் விசிலும் குழந்தையுமாக நின்றேன். கனமான குழந்தை. என் பித்தளைப் பட்டையைச் சப்பியது. சூப்பர்வைசர் திட்டினான்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக்கு ஜோதியின் அம்மா வீட்டில் விருந்து. கோழி அடித்திருந்தார்கள். பழனிக்குமாரும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். சாப்பிடும்போது ஆளெடுப்புப் பேச்சு வந்தது.

"போனா நல்லதுதான்" என்றாள் மாமியார். "இங்க இருந்து என்ன பண்ண? பச்ச ஒடம்புக்காரியப் போட்டுட்டு ராவெல்லாம் ஊரு சுத்துனவருதான."

"ம்மா" என்றான் பழனிக்குமார்.

"நான் என்ன இல்லாததையா சொல்றேன்? விடியக் கருக்கல்ல கண்ணு செவந்து வருவாரு. ஒரு வாரமா ரெண்டு வாரமா? கேட்டா ஒரு பேச்சு உண்டுமா? குடிச்சாருன்னு நான் சொல்லல, ஊரு சொல்லுச்சு."

ஜோதி என் இலையைப் பார்த்து ரசம் ஊற்றினாள். நான் குனிந்து சாப்பிட்டேன். குழம்பில் மிளகு நன்றாக ஏறியிருந்தது.

திரும்பும்போது ஓடைப் பக்கம் செங்கல் சூளைப் புகை தெரிந்தது. அந்த வழி போனால் பஸ் ஸ்டாப் பக்கம்தான். சுற்று வழியில் போனோம்.

ஜூலை 25, வெள்ளி

ஒரு தரம்கூட உட்காராமல் ஓடி முடித்தேன். மூச்சு இருக்கிறது. இடது முழங்கால்தான் இழுக்கிறது. மனுவை அனுப்பியாகிவிட்டது. 'குழந்தை இறந்த துயரத்தால் விடுப்பு முடிந்தும் திரும்ப இயலவில்லை' என்று ஜெபராஜ் அண்ணன் இங்கிலீஷில் அடித்திருக்கிறார். ஆதாரம் இணைக்கவில்லை. பார்த்துக்கிடலாம் என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

துணி துவைத்தேன். ஜோதி கொடியில் போட்டாள். கிளிப் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, நீ பட்டாளத்துக்குப் போறியா, இல்ல இங்கேருந்து போறியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"இல்ல" என்றாள்.

நல்ல வெயில். மத்தியானத்துக்குள் எல்லாம் காய்ந்துவிட்டது. அவள் கேட்டது நாள் முழுக்க மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே படுக்கைக்குப் பக்கத்தில் படுக்கை, அதில் படுத்திருப்பவனுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது. எழுந்திரு என்றால் எழுந்திருப்பேன், நில் என்றால் நிற்பேன். எனக்கு அது வேண்டும். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை. இங்கே சாயங்காலமானால் இரண்டு பேரும் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், யார் முதலில் எழுந்து படுக்கப் போவது என்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று ராத்திரி ரயில். ஜோதி சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். தயிர் சாதம், ஊறுகாய், இரண்டு வாழைப்பழம். வாசல் வரை வந்து, "கேட்டா கேட்டதுக்குப் பதில் சொல்லு மாமா. முழுங்காத" என்றாள். எதற்கு அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

டிஎஸ்சி சென்டருக்கு வந்து சேர்ந்தேன். கேட்டில் நின்ற ஜவான் பேப்பரைப் பார்த்து உள்ளே விட்டான். பூட்ஸ் சத்தம், பிளீச்சிங் பவுடர் வாசம், பெரிய அண்டாவில் டீ. இந்த ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகப் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஓட்டம் பாஸ். உயரம், எடை, கண், காது எல்லாம் பாஸ். என்னோடு 'ஃபேர்' ஆட்கள் இன்னும் ஆறு பேர். ஒவ்வொருவராகப் போர்டு அறைக்குள் கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் கர்னல். பேச்செல்லாம் இந்தியில், நான் தமிழில் எழுதுகிறேன். கர்னல் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். உட்கார் என்றார், யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஓட்டத்தில் முதல் பத்துக்குள் வந்திருக்கிறாய் என்றார். பிறகு பேப்பரைப் புரட்டினார்.

"மூன்றாவது பதிவு. குழந்தை இறந்ததாகப் பொய்த் தகவல்."

"ஆமாம் ஸாப்."

"நாலாவது. லீவு முடிந்து வரவில்லை. காரணம், குழந்தை இறந்தது."

"ஆமாம் ஸாப்."

இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கர்னல் சிரிக்கவில்லை. "உண்மையாக இருந்தால் இதைவிடக் கொடுமை இல்லை. பொய்யாக இருந்தால் உன்னைவிட மோசமானவன் இல்லை. நான் எதை நம்ப?" என்றார்.

மனுவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"கடைசியில் உன் மனைவியின் நம்பர் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அவரே சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். இந்தி வருமா அவருக்கு?"

ஜெபராஜ் அண்ணன் என்னைக் கேட்காமல் அவளிடம் பேசியிருக்கிறார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கர்னல் தன் போனை எடுத்து நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்த ஆரம்பித்தார். மணி பதினொன்று இருக்கும். ஜோதி கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற நேரம். மாத்திரை வாங்க ஆள் நிற்பார்கள். போன் அடிக்கும். எடுப்பாள். ஒரு சாஹிப் கேட்பார். அவளுக்குத் தெரிந்த இந்தி ஒரே வரிதான்.

"வேண்டாம் ஸாப்" என்றேன்.

"ஏன்?"

"காரணம் பொய் ஸாப். எனக்குக் குழந்தை எதுவும் பிறக்கவில்லை."

கர்னல் போனை மேஜை மேல் வைத்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. "போ" என்றார். எழுந்து சல்யூட் அடித்தேன். சல்யூட் சரியாக இருந்தது.

ஸ்டேஷனில் பூரி சாப்பிட்டேன். உருளைக்கிழங்கில் உப்பு இல்லை. கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் வீட்டுக்கு வந்தபோது ஜோதி வேலைக்குப் போகாமல் இருந்தாள். நேற்றும் போகவில்லையாம். தண்ணீர் கொடுத்தாள்.

"என்னாச்சு மாமா?"

"முழங்கால் சரியில்லன்னுட்டாங்க."

"ஃபோன் வரலையே."

தண்ணீரைக் குடித்துச் செம்பை அவளிடம் கொடுத்தேன்.

"கடையில சத்தமா இருக்கும்னு நேத்து லீவு போட்டேன். பொழுதுக்கும் ஃபோனக் கையில வச்சிருந்தேன். ஜெபராஜ் அண்ணன்ட்ட, என் நம்பரப் போடுங்க, நானே சொல்றேன்னு சொல்லியிருந்தேன். கேக்கலையா அவங்க?"

"கேட்டாங்க."

"அப்புறம்?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. "புள்ளையே பொறக்கலன்னு சொல்லிட்டேன்."

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள், நேராக வைக்க இரண்டு தரம் முயற்சி செய்தாள்.

"நான் ஒருக்கா பொய்யாச் சொன்னேன் மாமா. வெளையாட்டாச் சொன்னேன். அந்த வாயாலதான் போச்சுன்னு இந்த நாள் வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கேன். நெசமாவே ஒருக்கா சொல்லிட்டா, யார்கிட்டயாச்சும், அந்த ஆபீஸ்காரங்ககிட்டயே சொல்லிட்டா, கொஞ்சம் எறங்கும்னு நெனச்சேன். செத்துப்போன புள்ளையப் பொறக்கவே இல்லன்னு சொல்லிட்டு வந்திருக்க."

"உன்னையச் சொல்ல வைக்கக் கூடாதுன்னுதான்..."

"நான் கேட்டனா உன்னைய?"

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். கழற்றின பிறகும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அவளைக் காப்பாற்றியதாக ரயில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வேலைக்குப் போனேன். கூட்டம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜெபராஜ் அண்ணன் போன் போட்டார். எடுக்கவில்லை. ஜோதி எனக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருக்கிறாள் என்பது தெரிகிறது. இத்தனை நாளாக அவள் எப்படி இருக்கிறாள் என்பதே தெரியாமல் இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"எங்க வச்சீங்கன்னு எனக்குக் காட்டு."

எங்கள் பக்கம் பச்சைக் குழந்தை இறந்தால் ஆண்கள்தான் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். பெற்றவள் வரக்கூடாது, கேட்கவும் கூடாது. அன்றைக்கு நானும் பழனிக்குமாரும் மண்வெட்டியோடு போனோம். அதன் பிறகு அவள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. சூளைக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஓடைக்கரையோடு நடந்தோம். கருவேலம் நன்றாக வளர்ந்து வழியை அடைத்திருந்தது. நான் ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள அவள் குனிந்து வந்தாள். இரண்டு பாறைக்கு நடுவில் மேடு இப்போது தெரியவில்லை, தரையோடு தரையாகிவிட்டது. மேலே நான் அடுக்கிய கல் மட்டும் அப்படியே இருந்தது. இங்கதான் என்றேன்.

ஜோதி பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது சூளையிலிருந்து ஒரு அக்கா கையில் தண்ணீர்க் குடத்தோடு இறங்கி வந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"யாரு, பட்டாளத்துக்காரரா? இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

நான் தலையாட்டினேன்.

"இது யாரு, பொஞ்சாதியா?" ஜோதியைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தார். "நீதான் பெத்தவளா தாயி? இந்தாளு என்ன பாடு பட்டாருங்கிற. மழையில மண்ணு எளகிக் கெடந்துச்சு. ஓடை நாயிக நாலஞ்சு மோப்பம் பிடிச்சுக்கிட்டுத் திரியுது. முள்ளு போட்டாலும் இழுத்துருதுக. பொழுது எறங்குனதும் கம்பத் தூக்கிட்டு வந்துருவாரு. சாக்கப் போத்திக்கிட்டு விடிய விடிய நின்னாரு. உக்காருய்யான்னா உக்கார மாட்டாரு. மண்ணு எறுகுற வரைக்கும் நின்னாரே. சூளைச் சூட்டுக்கு வாய்யா, காச்சல் வந்துரும்னு நாங்க கூப்புட்டா, நான் டூட்டில இருக்கேன்கா, வர முடியாதும்பாரு."

ஜோதி என் பக்கம் திரும்பவில்லை. "எத்தன நாளு அக்கா?" என்று அந்த அக்காவிடம்தான் கேட்டாள்.

"யாரு எண்ணுனா? பதினாறு கும்புட்டுக்கூட வந்தாரு. ஒரு நா காலைல வந்து, போயிட்டு வாரேன்கா, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நாங்களும் போற வர்றப்ப பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

அந்த அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யூனிட்டில் சொல்லாதது, மாமியாரிடம் சொல்லாதது, இதில் எழுதாதது, எல்லாவற்றையும் குடத்தோடு வந்த ஒருத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"குடிக்கப் போறன்னு நெனச்சேன் மாமா" என்றாள் ஜோதி. "உனக்கு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சேன்."

கற்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே விழுந்திருந்த கருவேலஞ்சுள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். நானும் உட்கார்ந்தேன். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். நானும் அழுதிருக்கிறேன், சட்டை நனைந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு மத்தியான டூட்டி இருக்கே மாமா. நேரமாயிருச்சா?"

"ஆகட்டும்" என்றேன். "நீ இரு."